டாக் என்று மட்டும் தெரிந்தவர்கள்

அமெரிக்க மரீன் படைக்குத் தனக்கென்று ஒரு மருத்துவர்கூடக் கிடையாது. பீரங்கியும் போர் விமானமும் உண்டு, வாத்தியக் குழுகூட உண்டு; ஆனால் மருத்துவர், பல் மருத்துவர், செவிலியர், குண்டடி பட்டு விழுந்தவனிடம் முதலில் ஓடிச் சேர வேண்டிய மருத்துவ உதவியாளர் என எல்லோரும் கடற்படையிலிருந்துதான் வர வேண்டும். வழிபாடு நடத்தும் பாதிரியாரும் அப்படித்தான். இந்த ஏற்பாட்டினால், கப்பலேறி உலகத்தைச் சுற்றலாம் என்று எண்ணிக் கடற்படையில் சேர்ந்த பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர்கள் பலர், கப்பலில் கால் வைக்காமலேயே வியட்நாமின் வயல் வரப்புகளிலும் பின்னாளில் ஈராக்கின் தெருக்களிலும் மரீன்களோடு நடந்து திரிந்தார்கள். கடற்படைப் பதிவேட்டில் அவர்கள் ‘ஹாஸ்பிடல் கோர்மேன்’. மரீன்களுக்கு அவர்கள் ‘டாக்’.

நான் வசிக்கும் ஓஷன்சைடு, கலிபோர்னியாவில் மரீன்களின் பெரிய முகாமான கேம்ப் பெண்டில்டனைத் தெற்கே ஒட்டிக்கிடக்கும் ஊர். இங்கே மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு, மருந்து வாங்க வரும் முதியவர்களில் யார் கோர்மேனாக இருந்தவர் என்பது இப்போதெல்லாம் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. வரிசையில் முன்னால் நிற்பவர் சற்றே நொண்டினாலும் போதும், இவர்களுடைய பார்வை அவருடைய பாதத்துக்குப் போய்விடும். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர். 1967இன் இறுதியில் வியட்நாமின் குவாங் ட்ரி மாகாணத்துக்குப் போய், அங்கிருந்த காலத்தின் பெரும்பகுதியை ஒரு ரைஃபிள் கம்பெனியோடு கழித்தவர். பார்வை மங்கி, இருள் பிரியாத காலையில் வண்டி ஓட்ட முடியாமல் போனபோது, மாதம் ஒருமுறை அவர் போய்வரும் காலை உணவுக் கூட்டத்துக்கு நான் ஓட்டுநரானேன். அங்கே வருபவர்கள் அத்தனை பேரும் முன்னாள் கோர்மேன்கள். வெளி ஆளான எனக்கு, மாத்திரை எண்ணிப் பிழைப்பவன் என்ற தகுதியில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

முன்னாள் படைவீரர்கள் கூடுகிறார்கள் என்றால், ஒரே பதுங்குகுழியில் மழையில் நனைந்தவர்கள் பழங்கதை பேசுகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். நானும் அதை எதிர்பார்த்தே போனேன். ஆனால் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களில் எந்த இருவரும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் போரில் இருந்தவர்கள் அல்லர். அவர்களுடைய வேலையின் அமைப்பே அப்படி. நாற்பது பேர் கொண்ட ஒரு பிளாட்டூனுக்கு ஒரு கோர்மேன், அதிகம் போனால் இரண்டு பேர். இருவர் இருந்தாலும் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. ஒருவர் அடிபட்டால் அவருடைய இடத்துக்கு முன்பின் தெரியாத இன்னொருவர் வந்து சேர்வார். சுற்றிலும் நாற்பது துப்பாக்கிக்காரர்கள் இருக்க, தன் தொழில் தெரிந்தவர் எவரும் அருகில் இல்லாத ஓர் இருபது வயதுக்காரனின் தனிமையை அந்த மேசையில் ஒவ்வொருவரும் வெவ்வேறு மண்ணில் அனுபவித்திருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது அந்தத் தனிமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்ந்து இருந்ததால் வந்த நட்பு ஒரு வகை. தனித்தனியே ஒரே நிலையில் நின்றதால் வந்த நட்பு இன்னொரு வகை. இரண்டாவதைப் பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை.

அவர்களுக்குப் பொதுவாக இருந்த இடங்கள் பயிற்சிப் பள்ளியும் மருத்துவமனை வார்டும் மட்டுமே. சிகாகோவுக்கு வடக்கே மிச்சிகன் ஏரிக்கரையில் இருந்த கிரேட் லேக்ஸ் பள்ளியிலோ சான் டியேகோ பள்ளியிலோ சில மாதங்கள் உடற்கூறு, மருந்து, ஊசி, கட்டுப்போடுதல் எல்லாம் படித்துவிட்டு, கடற்படை மருத்துவமனை ஒன்றில் படுக்கை விரித்து, பெட்பேன் கழுவி, இரவுப் பணி பார்க்க வேண்டும். வியட்நாம் காலத்தில் ஓக்லாந்தின் ஓக் நோல் மருத்துவமனையிலும் பிலடெல்பியாவிலும் வார்டு வார்டாகக் கை கால் இழந்த இளைஞர்கள் படுத்திருந்தார்கள். அவர்களுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த கோர்மேனுக்கு, அடுத்து தான் போகப்போகும் இடம் எது என்பது ஒவ்வொரு படுக்கையிலும் எழுதி ஒட்டாத குறையாகத் தெரிந்தது. அதன்பின் கேம்ப் பெண்டில்டனிலோ கிழக்குக் கரையில் கேம்ப் லஜூனிலோ போர்க்கள மருத்துவப் பயிற்சி. அது முடிந்ததும் விமானம். இந்த இடங்களில் பல இன்று இல்லை. ஓக் நோல் 1996இல் மூடப்பட்டது. பிலடெல்பியாவின் பதினைந்து மாடிக் கட்டடத்தை 2001இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பள்ளிகளும் 2011இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் முப்படைக்கும் பொதுவான வளாகத்துக்குள் போய்விட்டன. பழைய பள்ளியைப் போய்ப் பார்க்கும் வாய்ப்புகூட இல்லாதவர்கள் சிற்றுண்டிச் சாலையில் கூடுவதில் வியப்பில்லை.

முதலில் சில மாதங்கள் நான் கேட்டதெல்லாம் பாதங்களைப் பற்றிய பேச்சுதான். போர்க்களக் கோர்மேனின் அன்றாட வேலையில் குண்டுக்காயம் சிறு பகுதி. நாள் முழுதும் நீரில் நடந்து வெளுத்து, தோல் உரிந்த பாதங்களை மாலையில் வரிசையாகப் பார்க்க வேண்டும். காலுறையை மாற்றச் சொல்லி அதட்ட வேண்டும். குடிநீரில் கிருமிநாசினி மாத்திரை போட்டிருக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போய்வந்தவர்களின் அந்தரங்க நோய்களுக்குப் பென்சிலின் போடும் வேலையும் இருந்தது. அந்தப் பரிசோதனையை ஒட்டிக் கோர்மேன்களுக்கு மரீன்கள் சூட்டிய பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது. அவற்றைச் சொல்லிச் சொல்லி எழுபது வயதுக்காரர்கள் சிரிக்கும் சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மலேரியா மாத்திரை ஒரு தனிக் கதை. குளோரோகுவினும் பிரைமாகுவினும் சேர்ந்த பெரிய ஆரஞ்சு நிற மாத்திரை, வாரம் ஒன்று. அது பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். ரோந்துக்குப் போகும் வழியில் வயிறு கலங்குவதைவிட மலேரியா வந்து மருத்துவமனையில் படுப்பது மேல் என்று கணக்குப் போட்ட மரீன்கள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, டாக் நகர்ந்ததும் துப்பிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொருவரும் விழுங்கும்வரை நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தன்னைவிட ஓரடி உயரமானவனை, இரண்டாவது முறையாக வியட்நாம் வந்த சார்ஜென்ட்டை, ‘ஆ காட்டு’ என்று சொல்ல வேண்டிய நிலையை என் அண்டை வீட்டுக்காரர் நடித்துக் காட்டுவார். இதில் எனக்கு உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுவின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். வரிசையில் வாய் திறந்தவர்களில் யாருக்கு அந்தக் குறை இருந்தது என்பதை அந்தக் காட்டில் கண்டறியும் வசதி அவரிடம் இருக்கவில்லை. சிறுநீர் கறுத்துப்போனதாக ஒருவன் வந்து சொன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பின்னால் அனுப்பியதாக அவர் சொன்னார். அந்தத் தகவலைப் பயிற்சியில் கேட்டதை இருபது வயதில் நினைவில் வைத்திருந்தாரே என்று நான் மலைத்தேன்.

மேசையின் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது. வியட்நாம் தலைமுறைக்கு எல்லா நோய்க்கும் ஒரே மருந்து ஏ.பி.சி. மாத்திரை: ஆஸ்பிரின், பினாசெட்டின், கஃபீன். தலைவலியா, முதுகுவலியா, காதலியிடமிருந்து கடிதம் வரவில்லையா, ஏ.பி.சி. இரண்டு. ஈராக், ஆப்கானிஸ்தான் தலைமுறைக்கு அந்த இடத்தில் மோட்ரின் என்ற ஐபூப்ரோஃபென் வலிமாத்திரை, 800 மில்லிகிராம். ‘மோட்ரின் போடு, காலுறையை மாற்று, தண்ணீர் குடி’ என்பதுதான் கோர்மேன் வைத்தியம் முழுவதும் என்று இன்றைக்கும் மரீன்கள் கேலி செய்வார்கள். எது மேலானது என்று இரு தலைமுறைகளும் மாதாமாதம் வாதாடி, தீர்ப்புக்கு என்னைப் பார்ப்பார்கள். பினாசெட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1983இல் அமெரிக்கா அதை விலக்கிவிட்டது; மோட்ரினை அந்த அளவில் விழுங்கிக்கொண்டே தண்ணீர் குடிக்காமல் பாலைவனத்தில் நடந்தால் அதுவும் சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. இரண்டு தரப்பும் தோற்றன என்று நான் சொன்னதை எவரும் ஏற்கவில்லை.

கோர்மேன் என்ற ஏற்பாடு சட்டப்படி உருவானது 1898ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று, ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்தபோது. அதற்கு முன்னும் பாய்மரக் கப்பல்களில் வைத்தியருக்கு எடுபிடியாக ஒரு பையன் இருந்தான். நோயாளிகளுக்குக் கஞ்சி கொடுப்பதும், அறுவையின்போது ரத்தம் வழுக்காமல் தளத்தில் மணல் தூவுவதும் அவன் வேலை. இன்றுவரை 22 கோர்மேன்கள் அமெரிக்காவின் உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானரைப் பெற்றிருக்கிறார்கள். அவர்களில் பலர் பெயரில் போர்க்கப்பல்கள் மிதந்திருக்கின்றன. மேசையில் இந்தப் பட்டியலை ஒப்பிக்கிறவர் எவருமில்லை. அவர்கள் விரும்பிச் சொல்லும் பழைய கதை வேறு.

1942 செப்டம்பரில், தென் சீனக் கடலில் பகைவர் நீர்ப்பரப்புக்குள் மூழ்கிக்கிடந்த ‘சீடிராகன்’ என்ற நீர்மூழ்கியில், டாரல் ரெக்டர் என்ற பத்தொன்பது வயது மாலுமிக்குக் குடல்வால் அழற்சி கண்டது. கப்பலில் மருத்துவர் இல்லை. இருந்தவர் வீலர் லைப்ஸ் என்ற, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த மருத்துவ உதவியாளர். குடல்வால் அறுவையை அவர் அருகில் நின்று பார்த்திருக்கிறார், செய்ததில்லை. அதிகாரிகள் சாப்பிடும் மேசையில் நோயாளியைக் கிடத்தினார்கள். மேசைக்கரண்டிகளை வளைத்து வயிற்றுத் தசையை விலக்கிப் பிடித்தார்கள். தேநீர் வடிகட்டியில் துணியைச் சுற்றி ஈதர் கொடுத்தார்கள். கத்தியின் அலகு இருந்தது, பிடி இல்லாததால் இடுக்கியில் அலகைக் கவ்வி அறுத்தார்கள். டார்பிடோவுக்கான ஆல்கஹாலில் கருவிகளைச் சுத்தம் செய்தார்கள். ரெக்டர் பிழைத்து இரண்டு வாரத்துக்குள் பணிக்குத் திரும்பினார். இந்தச் செய்தியை எழுதிய ஜார்ஜ் வெல்லருக்கு 1943இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கடற்படையின் மருத்துவ மேலிடமோ மகிழவில்லை. மருத்துவர் அல்லாதவர் வயிற்றைக் கீறுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பது அவர்கள் கவலை. அதே ஆண்டு முடிவதற்குள் வேறு இரண்டு நீர்மூழ்கிகளிலும் இதே அறுவையை மருத்துவ உதவியாளர்கள் செய்ய நேர்ந்ததை நினைத்தால் கவலை முழுவதும் தவறென்று சொல்லவும் முடியாது. லைப்ஸுக்குக் கடற்படை பதக்கம் கொடுத்தது 2005இல். அதே ஆண்டில் அவர் இறந்தார். ரெக்டர் 1944 அக்டோபரில், ‘டாங்’ என்ற நீர்மூழ்கி தான் ஏவிய டார்பிடோவே வளைந்து திரும்பித் தாக்கி மூழ்கியபோது, அதோடு போய்விட்டிருந்தார்.

கரண்டிகளுக்காக உலகம் நினைவில் வைத்திருக்கும் இந்தக் கதையில், மேசைக்காரர்கள் வியப்பது வேறொன்றை. தன் நோயாளி எழுந்து நடப்பதை லைப்ஸ் பார்த்தார். அவர்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை.

வியட்நாமில் ஒருவன் அடிபட்டு ‘கோர்மேன் அப்!’ என்ற கூவல் வந்தால், டாக் ஓட வேண்டும். மற்றவர்கள் தரையோடு தரையாகக் கிடக்கும் நேரத்தில் அவர் மட்டும் எழுந்து ஓடுவதால், குறிபார்த்துச் சுடுபவனுக்கு அவரே எளிய இலக்கு. அந்தப் போரில் 600க்கும் மேற்பட்ட கோர்மேன்கள் கொல்லப்பட்டார்கள். செஞ்சிலுவைக் குறியைக் கழற்றி எறிந்து, மருந்துப் பையை வேறு சாதாரணப் பைக்குள் ஒளித்து, துப்பாக்கியும் தூக்கிக்கொண்டு, மற்ற மரீனைப் போலத் தோற்றமளிப்பதே தற்காப்பாக இருந்தது. ஓடிச் சேர்ந்ததும் மூச்சு, ரத்தம், அதிர்ச்சி என்ற வரிசையில் பார்த்து, கட்டுப் போட்டு, டப்பாவில் அடைத்து வந்த சீரம் ஆல்புமினை ஏற்றி, தேவையானால் மார்ஃபின் போட்டு, மறுபடி யாரும் தவறிப்போய் மார்ஃபின் போட்டுவிடாதிருக்க நெற்றியில் ‘எம்’ என்று எழுதி, அட்டையில் விவரம் குறித்துக் கட்டி ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவார். ஹெலிகாப்டர் டோங் ஹாவில் இருந்த ‘டெல்டா மெட்’ மருத்துவப் பிரிவுக்கோ, கடலில் நின்ற ‘ரிபோஸ்’, ‘சாங்க்சுவரி’ மருத்துவமனைக் கப்பல்களுக்கோ பறந்துவிடும். அதோடு அவருக்குத் தெரிந்த கதை முடிந்தது. பிழைத்தானா, கால் தங்கியதா, ஊர் போய்ச் சேர்ந்தானா, எதுவும் திரும்பி வராது. அடுத்த நாள் மறுபடி பாதங்களைப் பார்க்க வேண்டும்.

என் அண்டை வீட்டுக்காரரிடம் அவருடைய மருந்துப் பையின் மாதிரி ஒன்று இருக்கிறது. கடற்படை கொடுத்தது அங்கேயே போய்விட்டது, இது பழைய ராணுவப் பொருள் விற்கும் கடையில் வாங்கியது. பல அறைகள் கொண்ட கித்தான் பை. ஒருநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அறையில் எது இருக்கும் என்று எனக்குக் காட்டினார். கண் சரியாகத் தெரியாதவர் என்பதை அந்தச் சில நிமிடங்கள் மறந்துபோனேன். பெரிய கட்டுத்துணி, சிறிய கட்டுத்துணி, கத்தரி, முறிந்த எலும்புக்கு வலைக்கம்பி, மார்ஃபின் என்று அவர் கை போன இடங்களெல்லாம் வெற்று அறைகள். ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் எடுத்த பொருளுக்கு ஏற்றபடி விரல்கள் அகன்றும் குவிந்தும் வந்தன. கத்தரியை மட்டும் எடுத்ததும் தன் கால்சட்டையின் ஓரத்தைத் தொட்டார். காயத்தைப் பார்க்க முதலில் துணியை வெட்ட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லவில்லை. கை அதுவாகப் போயிற்று.

பழைய பட்டாலியன்களின் ஒன்றுகூடல்களுக்கு டாக்குகளை மரீன்கள் தேடித் தேடி அழைப்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. அடிபட்டவனுக்கு அந்த நாளில் முதல் பாதி தெரியாது. மயக்கமும் மார்ஃபினும் அதை அழித்துவிட்டன. டாக்குக்கு இரண்டாம் பாதி தெரியாது. ஒரு விடுதிக் கூடத்தில், கையில் தட்டுடன் நின்றுகொண்டு, இருவரும் தத்தம் பாதியை எடுத்து வைக்கிறார்கள். என் அண்டை வீட்டுக்காரர் வெகுகாலம் இக்கூட்டங்களுக்குப் போகாமல் தவிர்த்தார். அவர் கணக்கில் இறந்தவர்கள் மட்டுமே இருந்தார்கள். வாஷிங்டனில் 1982இல் எழுந்த கருங்கல் நினைவுச்சுவரில் பெயர் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொள்ள முடிந்தவர்கள் அவர்கள்தானே. பிழைத்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. மனைவியின் வற்புறுத்தலால் ஒருமுறை போனபோது, ஒருவர் தன் பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ‘இவர்தான்’ என்று மட்டும் சொன்னாராம். யார் என்று இவருக்கு நினைவு வரவில்லை. முகம் கேட்டு, தேதி கேட்டு, இறுதியில் காயம் எங்கே என்று கேட்டிருக்கிறார். வலது அக்குளைக் காட்டியதும் எல்லாம் வந்துவிட்டது. “முகம் எனக்குத் தங்கியதே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் வேறு” என்றார் என்னிடம்.

இந்தப் பின்னணியில் வில்லியம் சாரட் என்ற கோர்மேனை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. கொரியப் போரில் 1953இல் செய்த செயலுக்காக மெடல் ஆஃப் ஹானர் பெற்றவர். 1958இல், இரண்டாம் உலகப் போரின் அடையாளம் தெரியாத வீரர் என்று ஆர்லிங்டனில் அடக்கம் செய்ய, ஐரோப்பியக் களத்திலிருந்து ஒன்றும் பசிபிக் களத்திலிருந்து ஒன்றுமாக வந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை, ‘கான்பெர்ரா’ என்ற கப்பலில் வைத்து அவரிடம் கொடுத்தார்கள். அவர் ஒன்றின்மீது மலர் வளையம் வைத்தார். மற்றதைக் கடலில் அடக்கம் செய்தார்கள். யார் என்று தெரியாதவருக்குத் தன்னால் ஆனதைச் செய்வதே தொழிலாக இருந்த ஒருவரை இதற்கு அழைத்தது தற்செயலோ திட்டமோ, மிகப் பொருத்தமான தேர்வு.

எல்லா வியட்நாம் கோர்மேன்களும் ஒரே மாதிரி நினைவுகூர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிலர் பேசவே மாட்டார்கள். வந்து, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். சத்தமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். ‘மெர்சி’ என்ற மருத்துவமனைக் கப்பலில் இருந்த ஒரு பெண்மணி வருகிறார். சுனாமிக்குப் பின் 2005இல் அந்தக் கப்பல் இந்தோனேசியாவின் அச்சேக் கரைக்குப் போனபோது அதில் இருந்தவர். நம் நாகப்பட்டினத்தையும் அதே அலை அடித்ததை நான் சொன்னபோது, அங்கே வாரக்கணக்கில் அவர் பார்த்த ஒரு வகை நுரையீரல் தொற்றைப் பற்றி, சேறு கலந்த கடல்நீரை மூச்சில் இழுத்தவர்களுக்கு வந்ததைப் பற்றி, காப்பி ஆறிப்போகும்வரை சொன்னார்.

ஒரு மாதம் டூர்னிக்கே பற்றிப் பேச்சு வந்தது. ரத்தம் நிற்க, காயத்துக்கு மேலே கையையோ காலையோ இறுக்கிக் கட்டும் பட்டை அது. அதைக் கட்டினால் அந்த உறுப்பு போனதற்குச் சமம், வேறு வழியே இல்லாதபோதுதான் தொட வேண்டும் என்று வியட்நாம் தலைமுறைக்குக் கற்பித்திருந்தார்கள். ஈராக் போரில் கிடைத்த அனுபவம் அதைத் தலைகீழாக்கியது: விரைவில் மருத்துவமனை போய்ச் சேர்ந்தால் உறுப்பு பெரும்பாலும் பிழைக்கும், தயங்கினால் ஆள் போய்விடுவான். 2005க்குப் பின் ஒவ்வொரு மரீனும் ஒரு கையாலேயே தனக்குத்தானே இறுக்கிக்கொள்ளக்கூடிய பட்டையைச் சுமந்தார்கள். ஈராக்கின் ரமாடி நகரில் இருந்த இளைஞர் இதை உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனவர், எதிரே இருந்த மூவரும் உண்பதை நிறுத்தியதைப் பார்த்ததும் நடுவில் நின்றுவிட்டார். சற்று நேரம் கழித்து அவர்களில் ஒருவர், அந்தப் பட்டையை எத்தனை நொடியில் கட்டுவாய் என்று கேட்டார். இளைஞர் தன் இடுப்பு வாரைக் கழற்றிக் காட்டினார். மூவரும் முறை வைத்துக் கட்டிப் பார்த்தார்கள். பரிமாற வந்த பெண் தட்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

போரிலிருந்து திரும்பிய கோர்மேனின் சிக்கல் மற்ற வீரர்களுக்கு இல்லாத ஒன்று. காட்டில் தொண்டையைத் துளைத்து மூச்சுக்குழாய் செருகியவர், ஊருக்கு வந்தால் உரிமம் இல்லாததால் மருத்துவமனையில் தள்ளுவண்டி தள்ளும் வேலைக்குத்தான் தகுதி. நம் ஊர்க் கம்பவுண்டரைப் போல, செய்யத் தெரிந்தும் பெயர்ப்பலகை இல்லாத நிலை. இதைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர் டியூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் யூஜீன் ஸ்டெட். 1965இல் அவர் தொடங்கிய புதிய படிப்பின் முதல் வகுப்பில் சேர்ந்த நால்வரும் கடற்படையின் முன்னாள் கோர்மேன்கள். 1967 அக்டோபர் 6 அன்று மூவர் படிப்பை முடித்தார்கள். அமெரிக்காவில் இன்று சளிக் காய்ச்சலுக்குப் போனாலும் நம்மைப் பார்க்க வரும் ‘பி.ஏ.’ என்ற மருத்துவ இணையாளர் தொழில் பிறந்தது அப்படித்தான். மேசையில் இருவர் அந்த வழியில் போனவர்கள். மருந்துச் சீட்டில் அவர்களுடைய கையெழுத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருந்தும், அது எங்கே தொடங்கிய கை என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நினைவு சரியாக இருக்கிறதா என்ற கேள்வி இவர்களை விடாமல் துரத்துகிறது. ஜப்பானின் ஐவோ ஜீமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று கொடி நாட்டிய புகழ்பெற்ற படத்தில் இருந்தவர்களில் ஒருவர் ஜான் பிராட்லி என்ற கோர்மேன் என்று உலகமே எழுபது ஆண்டு நம்பியது. 2016இல் மரீன் படை ஆய்வு செய்து, அந்தப் படத்தில் இருப்பவர் அவர் அல்லர் என்று அறிவித்தது. அன்று அதற்குமுன் நாட்டிய முதல் கொடியோடுதான் அவருக்குத் தொடர்பு இருந்தது. பிராட்லி 1994இலேயே இறந்துவிட்டார். உயிரோடு இருந்தவரை அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தே வந்தார். வெளியே பெரிய பரபரப்பாக இருந்த இந்தச் செய்தி மேசையில் எவரையும் அசைக்கவில்லை என்கிறார் என் அண்டை வீட்டுக்காரர். கொடிக்கு இரண்டு நாள் முன்பு, குண்டுமழையில் அடிபட்டவனுக்குத் தன் உடலால் மறைப்புக் கொடுத்துச் சிகிச்சை செய்ததற்குப் பிராட்லி நேவி கிராஸ் என்ற வீர விருது பெற்றவர். அதை யாரும் திருத்தவில்லை, அது போதும் என்பது அவர்கள் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

இப்போது மேசையின் பெரிய வேலை ஆள் தேடுவது. இது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். பிளாட்டூனில் யாரும் யாரையும் முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. மரீன்களுக்கு அவர் டாக் மட்டுமே. டாக்குக்கு அவர்கள் ஊர்ப் பெயராலோ பல்லின் அமைப்பாலோ வந்த பட்டப்பெயர்கள். ஐம்பது ஆண்டு கழித்து, இரண்டாம் பிளாட்டூன் டாக் யார் என்று ஒரு பக்கம் தேடுகிறார்கள், ‘டெக்ஸ்’ என்பவன் யார் என்று மறுபக்கம் என் அண்டை வீட்டுக்காரர் தேடுகிறார். அக்காலத்துப் படைப்பிரிவு நாட்குறிப்புகளின் படிகளை வாங்கி, காயம்பட்ட தேதிகளை ஒப்பிட்டு, பெயரைப் பிடித்து, முகவரியைத் துழாவிக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் எழுதுவது அவர் கண்ணின் காரணமாக என் வேலையாகிவிட்டது.

சென்ற குளிர்காலத்தில் எழுதிய ஒன்றுக்கு மகனிடமிருந்து பதில் வந்தது. தந்தை இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வியட்நாம் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. இடது தொடையில் நீண்ட தழும்பு ஒன்று இருந்தது, அதைக் கேட்டால் மட்டும் ‘டாக் தைத்தது’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அது எந்தச் சண்டையில் வந்தது என்று தெரிந்தால் பேரன்களுக்குச் சொல்லலாம் என்று மகன் கேட்டிருந்தார். நான் படித்துக் காட்டியதும் என் அண்டை வீட்டுக்காரர் நெடுநேரம் சிரித்தார். அது சண்டையில் வந்ததன்று. முகாமின் முள்வேலிக்கு அப்பால் பொறியாளர் பிரிவில் ஒளித்து வைத்திருந்த பீர் பெட்டியைத் தூக்க இரவில் போனவன், திரும்பி வரும்போது வேலியில் மாட்டிக் கிழித்துக்கொண்டது. தண்டனைக்குப் பயந்து எங்கும் பதியாமல், கைவிளக்கு வெளிச்சத்தில் இவர் தைத்திருக்கிறார். கூலி, இரண்டு பீர்.

இதை அந்த மகனுக்கு எழுதலாமா என்று மேசையில் கேட்டபோது கருத்து இரண்டாகப் பிளந்தது. அவன் அப்பா தானாகச் சொல்லாததை நாம் சொல்ல உரிமையில்லை என்றார் வழக்கமாகப் பேசாத ஒருவர். வீரக் கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் ரமாடிக்காரர். கப்பல் பெண்மணி மட்டும், பீர் கதையைத்தான் பேரன்கள் விரும்புவார்கள், தையல் எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். என் கட்சியும் அதுவே. முதல் இரண்டு பக்கங்களில், அந்த இளைஞன் மலேரியா மாத்திரையைத் துப்பியது, மழைக்காலத்தில் வேறொருவனை முதுகில் சுமந்து ஹெலிகாப்டர் இறங்குமிடம்வரை ஓடியது, ஊரிலிருந்து வந்த கேக்கை நாற்பதாகப் பங்கு போட்டது எல்லாம் எழுதி முடித்துவிட்டோம். தொடையிடம் வந்து நிற்கிறது. வரும் வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன். எப்படி எழுதச் சொல்வாரோ, அப்படியே எழுதி அனுப்பிவிடுவதாக உத்தேசம்.